ஜமைக்காவின் ராஸ்தாஃபாரி சமயத்தார் வாசிக்கும் நயபிங்கி மேளத்தை நேரில் கேட்டவர்கள், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கரைதொடாதவன்:
கப்பல் வேலையில இருந்தப்போ கிங்ஸ்டன்ல மூணு நாள் நின்னோம். துறைமுகத்துல பழகின ஒருத்தர் வரைக்கா மலையடிவாரத்துல ஒரு வீட்டு முற்றத்துக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க மூணு மேளம்: கோலால அடிக்கற பெரிய பேஸ், மாறாம காலம் பிடிக்கற ஃபண்டே, அதுக்கு மேல அடுக்கி வாசிக்கற ரிப்பீட்டர். நடுராத்திரிக்கு மேல ஒருத்தர் எழுந்து போக, அவரோட ஃபண்டேயை என் மடியில வெச்சுட்டாங்க. ரெண்டே தட்டு. டும்-டும், இடைவெளி, டும்-டும். பத்து நிமிஷத்துல என் கை ஓட ஆரம்பிச்சிருச்சு. ரிப்பீட்டர்காரர் அடுக்கிக்கிட்டே போறார், நானும் பின்னாடியே போயிட்டேன். பேஸ் வாசிச்ச பெரியவர் நிறுத்தல, முறைக்கல. வலது கை கோலால அடிச்சுக்கிட்டே இருக்க, இடது கையை நீட்டி என் முழங்கால்ல அந்த ரெண்டு தட்டைத் தட்டினார். காய்ப்பு ஏறின உள்ளங்கை, பேண்ட் துணிக்கு மேலயே உறைச்சுது. நான் காலத்துக்குத் திரும்பி வர்ற வரைக்கும் கையை எடுக்கல. விடியறதுக்குள்ள கப்பலுக்குப் போகணும்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ஓடிட்டேன். 11 வருஷமா அதுதான் உறுத்துது.

மேளக்காது:
எனக்கு லண்டன்ல. ரூட்ஸ் ரெகேனு ஜமைக்கா பாணி இசை வாசிக்கற குழு ஒண்ணு, ஆப்பிரிக்க மேளத்தை அப்படியே கொண்டுவந்து மேடையில வெச்சிருந்தாங்க. முதல் கால் மணி நேரம் கைமேளம் மட்டும். கூட்டம் பேசிக்கிட்டிருந்துச்சு, நானும் போனைத்தான் பார்த்துட்டிருந்தேன். அப்புறம் டிரம்ஸ்காரர் ஒன் டிராப்ங்கற ரெகே தாளத்துல நுழைஞ்சார். முதல் தட்டு காலி, மூணாவது தட்டுலதான் காலால அடிக்கற கிக் டிரம். அந்தக் காலி இடத்துல ஃபண்டே மட்டும் தனியா கேட்டுச்சு. அவ்வளவு நேரமும் அது நிக்காம ஓடிட்டுத்தான் இருந்திருக்கு. அந்தக் கால் மணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைக்காது.

சாரல்77:
மேளக்காது, "அப்படியே" இல்லைங்க. அது ஜமைக்காவுல உருவானது. தோட்டங்கள்ல அடிமைகள் வேலை செய்யறப்போ காலம் பிடிக்க வாசிச்சது புரு மேளம். அதை கிங்ஸ்டன் சேரிகள்ல புரு கலைஞர்கள்கிட்ட கத்துக்கிட்டு ராஸ்தாஃபாரிகளோட மேளமா வளர்த்தவர் கவுண்ட் ஆஸி. கூடவே செயின்ட் தாமஸ் பக்கத்து குமினா சடங்கு மேளமும் அதுல கலந்துச்சு, அது காங்கோ வழி வந்தது. 1960 வாக்குல இசைத்தட்டு தயாரிப்பாளர் பிரின்ஸ் பஸ்டர், ஆஸியோட மேளக்காரங்களை ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போய் 'ஓ கரோலினா' பாட்டைப் பதிவு பண்ணினார். அதுக்கு முன்னாடி ராஸ்தா மேளத்தை ரெக்கார்டுல சேர்க்கவே யோசிச்சாங்க. "ஆப்பிரிக்க மேளம்"னு ஒரே வார்த்தையில முடிச்சா இந்த மனுஷங்க பட்ட பாடெல்லாம் எங்க போகும்? என் அனுபவம் சின்னது: நண்பர் வீட்டுல 1973ல வந்த ஆஸி குழுவோட மூணு இசைத்தட்டு எல்பியை ஒரே மூச்சுல கேட்டேன். ரெண்டாவது இசைத்தட்டு முடியறப்போ என் மூச்சே ஃபண்டேயோட போயிட்டிருந்துச்சு.

பனைவிளை:
ஒரு ரிப்பீட்டர் வாங்கினேன், பறை காய்ச்சற மாதிரி வைக்கோல் தீயில காட்டினேன், தோல் விளிம்புல பிளந்துருச்சு. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. மேளம் வெச்சிருக்கறவங்க தயவுசெய்து கேளுங்க. இழுத்து முறுக்கின ஆட்டுத்தோல் ஏற்கெனவே இறுக்கத்துல இருக்கு, சூடு பட்டா இன்னும் சுருங்கும். மழைக்காலத்துல தொய்ஞ்சா நேரா தீயில காட்டாதீங்க, தள்ளி வெச்சு மெதுவா காய விடுங்க. திருகாணி இருந்தா எதிரெதிரா கால் சுத்து, கால் சுத்தா முறுக்குங்க. வாசிச்சு முடிச்சதும் தளர்த்திடுங்க. கார் டிக்கியில வெயில்ல விட்டுடாதீங்க. மோதிரத்தைக் கழட்டிட்டு வாசிங்க.

கரைதொடாதவன்:
பனைவிளை, என்கிட்ட மேளமே இல்லைங்க. சாரல், அந்தப் பெரியவர் செயின்ட் தாமஸ்காரர்னு சொன்னாங்க. குமினா பத்தி அப்போ எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பேன்.