பற்றிக் றுவாவும் எங்கள் பொங்கல் வழக்காடு மன்றமும்

குழு: கோவிலடி வீட்டார் (மொன்றியல், ரொறொன்ரோ)

பெரியப்பா: அன்பு உறவுகளே, பொங்கல் விழா அழைப்பிதழ் நாளை காலை அச்சகத்துக்குப் போகவேண்டும் என்று சங்கச் செயலாளர் மீண்டும் நினைவூட்டியிருக்கிறார். வழக்காடு மன்றத்தை நம் குடும்பம் பொறுப்பேற்றிருக்கிறது. ஆனால் தலைப்பு இன்னும் வரவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளும் இருந்து கேட்கும்படியான தலைப்பாக அது இருக்கட்டும். குழுவின் விதி அனைவருக்கும் தெரியும்: குரற்பதிவு வேண்டா, எழுத்துத் தமிழில் முழு வாக்கியமாக எழுதுங்கள்.

மாமி: முதியோர் இல்லம் தேவையா என்ற தலைப்பை மட்டும் மறுபடியும் வைக்காதீர்கள் அண்ணா. போனமுறை பாதிச் சபை எழுந்து சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டது.

அப்பா: அன்றைக்கு வடையும் போதவில்லை.

கோபி அத்தான்: பெரிய மாமா, இந்த ஊருக்கே உரிய வழக்கு ஒன்று என்னிடம் இருக்கிறது. 1995 டிசம்பர் 2ஆம் திகதி சனிக்கிழமை இரவு, மொன்றியல் ஃபோறம் அரங்கில், டெற்றொயிற் அணி நம் ஊர் ஐஸ் ஹொக்கி அணியான கனேடியன்ஸை 11க்கு 1 என்ற கணக்கில் வென்றது. அன்று கோல் காத்தவர் பற்றிக் றுவா. 1986இலும் 1993இலும், தேசிய ஹொக்கி லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தை இந்த ஊருக்குப் பெற்றுத்தந்து, இரண்டு முறையும் இறுதிச் சுற்றுகளின் மிகச் சிறந்த வீரர் என்ற கொன் ஸ்மைத் விருதையும் வாங்கியவர். அவரை நோக்கி வந்த 26 அடிகளில் ஒன்பது வலைக்குள் போகும்வரை, பயிற்றுநர் மரியோ ட்றம்ப்ளே அவரை வெளியே அழைக்கவில்லை. நான்காம் நாள், டிசம்பர் 6ஆம் திகதி, அணி அவரைக் கொலராடோவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது. கூண்டில் நிற்கவேண்டியது றுவாவின் கோபமா, அணியின் நிருவாகமா? இதுதான் என் தலைப்பு.

மாமி: பொங்கல் பானைக்குப் பக்கத்தில் ஐஸ் ஹொக்கியா?

கவின்: எனக்கு முழுச் சம்மதம்.

மாமி: வாரத்தில் நான்கு நாள் கோல் காப்பவன் வேறென்ன சொல்வான்?

பெரியப்பா: நான் தலைப்பைத் தள்ளிவிடவில்லை. ஆனால் நீதிபதியாக நான் அமர்வதால், விளையாட்டே பாராத பெண்டுகளுக்கும் முதியோருக்கும் விளங்கும்படி அந்த இரவில் நடந்ததைக் கோபி வரிசையாகச் சொல்லட்டும்.

கோபி அத்தான்: சொல்கிறேன். கோல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தபோது, றுவா மிக எளிதான ஓர் அடியைத் தடுத்தார். உடனே சபையோர் கேலியாகக் கைதட்டினார்கள். அவரும் கேலியாகவே இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக் காட்டினார். ஒன்பதாவது கோலுக்குப் பிறகு அழைப்பு வந்தது. கைகட்டி நின்ற ட்றம்ப்ளேயை அவர் ஒரு சொல்லும் பேசாமல் கடந்துபோனார். பின்னர் திரும்பி வந்து, பயிற்றுநருக்கு முன்னாலேயே, வீரர்கள் அமரும் வாங்குக்குப் பின்னால் முதல் வரிசையில் அமர்ந்திருந்த, அணி நிறுவனத்தின் தலைவர் றொனால்ட் கோறியிடம் குனிந்து, மொன்றியலில் இதுவே தமது கடைசி ஆட்டம் என்று சொன்னார். தொலைக்காட்சியில் நாடே அதைப் பார்த்தது. மறுநாளே அணி அவரை இடைநிறுத்தியது.

அப்பா: நானும் பார்த்தேன். கோட் டெ நேஜ் வீட்டில், துணி உலர்த்தும் கம்பியில் அன்ரெனாவைக் கட்டி வைத்திருந்தோம்.

நான்: சித்தப்பாவும் அன்று உங்களோடு இருந்தாரா அப்பா?

அப்பா: அப்போது இருந்தார்.

ரொறொன்ரோ சித்தப்பா: வணக்கம். நான் ஒரு கருத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். மனக்கசப்பு எவ்வளவு இருந்தாலும், அதைச் சபை நடுவே சொன்னது பிழை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருந்தால் அது வேறு கதை. நிருவாகம் இறங்கிவருவதற்கு இருந்த ஒரே வழியை றுவாவே அடைத்துவிட்டார் என்பது என் எண்ணம்.

துளசி அக்கா: சித்தப்பா, இதை நீங்களா எழுதினீர்கள்?

மாமி: உன் சாமத்திய வீட்டு ஒலிவாங்கி இன்னும் உயிரோடு இருக்கிறதா துளசி?

ரொறொன்ரோ சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

பெரியப்பா: தலைப்பில் நிற்போம். தம்பி சொல்வதில் பாதி சரி. ஆனால் ஒரு நிருவாகம் நான்கு நாள் பொறுக்கமுடியாதா என்று நான் கேட்கிறேன். பத்தாண்டு உழைத்தவன் ஒரு கோபத்தில் சொன்ன சொல்லை, வயதில் மூத்தவர்கள் அன்றே முத்திரை குத்தி ஏற்றுக்கொள்ளவேண்டுமா? ஒரு வாரம் போகட்டும் என்று விட்டிருந்தால், இரு பக்கமும் சூடு தணிந்திருக்கும். மூத்தவனுக்கு அழகு பொறுமை.

மாமி: இருவரும் இடம்மாறி நின்று வாதாடுகிறீர்கள். நல்லது, நடத்துங்கள்.

கோபி அத்தான்: பெரிய மாமா கேட்டது மிக முக்கியமான கேள்வி. அவசரத்துக்குக் காரணம் அந்த ஒக்டோபரில் இருக்கிறது. பருவம் தொடங்கிச் சில ஆட்டங்களிலேயே முகாமையாளர் செர்ஜ் சவார்டையும் பயிற்றுநர் ஜாக் டெமெர்ஸையும் கோறி நீக்கிவிட்டார். அவர்கள் இடத்துக்கு வந்த றெஜான் ஊல் அதற்கு முன் எந்த அணிக்கும் முகாமையாளராக இருந்ததில்லை. ட்றம்ப்ளே இந்த லீக்கில் எந்த அணிக்கும் தலைமைப் பயிற்றுநராக இருந்ததில்லை. இருவரும் இந்த அணியின் பழைய வீரர்கள், மக்களுக்குப் பிடித்த முகங்கள், அவ்வளவுதான். ட்றம்ப்ளேயோ றுவாவின் முதற்பருவத்தில் அவரோடு ஒரே அணியில் ஆடியவர். நேற்றைய சகா இன்று மேலதிகாரியாக வந்து கண்டிப்புக் காட்டினால் என்ன நடக்கும் என்பதைக் கடை நடத்திய நம் குடும்பத்துக்கு நான் விளக்கவேண்டியதில்லை. புதிதாக அதிகாரம் பெற்ற இருவர், முதல் சோதனையிலேயே தளர்ந்துவிட்டதாகப் பெயர் வரக்கூடாது என்று நினைத்தார்கள், அதனால் விற்றார்கள்.

ரொறொன்ரோ சித்தப்பா: சவார்ட் இருந்திருந்தாலும் விற்றிருப்பார் மருமகனே. தாம் நீக்கப்படுவதற்கு முன்பே கொலராடோவுடன் றுவாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததாகச் சவார்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கோபி அத்தான்: உண்மைதான் சின்ன மாமா. ஆனால் சவார்ட் பேசும்போது விற்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஊல் பேசும்போது, அவர் விற்றே ஆகவேண்டும் என்பது லீக் முழுவதற்கும் தெரியும். விலை அங்கேதான் விழுந்தது. றுவாவோடு, களத்தில் ஆடும் அணியின் தலைவர் (கப்டன்) மைக் கீனையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, கோல் காப்பாளர் ஜோஸ்லின் தீபோ, முன்கள வீரர்கள் மார்ட்டின் ருச்சின்ஸ்கி, அந்திரேய் கொவலென்கோ ஆகிய மூவரை வாங்கினார்கள். கீன் பிரெஞ்சு கற்கப்போவதில்லை என்று சொல்லி அந்த ஆண்டே இங்கே பெரிய சர்ச்சையில் மாட்டியவர் என்பதையும் மறக்கவேண்டா. இன்னொன்றையும் கவனியுங்கள்: கொலராடோ என்பது அதே ஆண்டுவரை கியூபெக் நகரத்தின் நோர்டிக்ஸ் அணி. அது இடம்பெயராமல் இங்கேயே இருந்திருந்தால், பரம எதிரியின் கையில் றுவாவைக் கொடுக்க எந்த மொன்றியல் முகாமையாளருக்கும் துணிவு வந்திராது. பணநெருக்கடியால் அந்த அணி டென்வருக்கு விற்கப்பட்டதால்தான் இந்த மாற்றமே நடக்க முடிந்தது. அங்கே முகாமையாளராக இருந்த பியேர் லக்றுவா ஒருகாலத்தில் றுவாவுக்கே முகவராக இருந்தவர்; எதை வாங்குகிறோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மாமி: கோபி, இதை நான்கு செய்தியாகப் பிரித்துப் போடக்கூடாதா?

அப்பா: மண்டபத்துக் கார் தரிப்பிடத்தில் பனி அள்ளுவார்களா என்று யாராவது கேட்டீர்களா?

துளசி அக்கா: கோபி, நீ கோபத்தைக் குணமாக்கிப் பேசுகிறாய். அவருடைய கோபம் அந்த ஓர் இரவோடு முடிந்துவிடவில்லையே. 1996 பிப்ரவரியில் மொன்றியல் அணி டென்வருக்குப் போய்த் தோற்றபோது, ஆட்டம் முடிந்ததும் அவர் பக் எனப்படும் ஆட்ட வட்டைத் தூக்கி ட்றம்ப்ளேயை நோக்கி எறிந்தார். 2013இல் கொலராடோவின் பயிற்றுநராக நின்ற முதல் ஆட்டத்திலேயே, எதிரணிப் பயிற்றுநரோடு சண்டையிட்டு நடுவிலிருந்த கண்ணாடித் தடுப்பைத் தள்ளினார். 2016 ஓகஸ்டில், பருவம் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது, அந்தப் பதவியையும் விட்டுவிட்டுப் போனார். ட்றம்ப்ளே இல்லாத இடத்திலும் இதே கதைதான் நடந்திருக்கிறது.

கோபி அத்தான்: மச்சாள், அதே கோபம்தான் 1993இல் மேலதிக நேரத்துக்குப் போன ஆட்டங்களில் தொடர்ந்து பத்தை வென்று தந்தது. அப்படி ஒரு மேலதிக நேரத்தில் லொஸ் ஏஞ்சலஸ் வீரர் சான்ட்ஸ்ட்ரொம்மைப் பார்த்துக் கண்ணடித்தவர் அவர். கோல் கம்பங்களோடு பேசுவார். பனித்தளத்தில் வரைந்த நீலக்கோட்டையும் சிவப்புக் கோட்டையும் ஒருபோதும் மிதியாமல் தாண்டித்தான் போவார். 1994இல் குடல்வால் அழற்சியோடு மருத்துவமனையில் கிடந்தவர், ஓர் ஆட்டத்தை மட்டும் விட்டுவிட்டு எழுந்துவந்து பொஸ்டனை வென்றார். தோற்கப் பொறுக்காத மனம் என்பது ஒன்றுதான். வெல்லும்போது அதை வீரம் என்போம், தோற்கும்போது திமிர் என்போம். கொலராடோ அந்த மனத்தை அப்படியே வாங்கியது. ஆறு மாதத்தில் ஸ்டான்லி கிண்ணம் அவர்கள் கையில் இருந்தது. இறுதி ஆட்டம் மூன்றாவது மேலதிக நேரம்வரை இழுபட்டு 1க்கு 0 என்று முடிந்தது. ஃபுளோரிடா அடித்த 63 அடிகளையும் றுவா தடுத்தார். 2001இல் அங்கே இன்னொரு கிண்ணம், மூன்றாவது கொன் ஸ்மைத் விருது. மொன்றியலுக்கு 1993க்குப் பின் கிண்ணம் வரவே இல்லை.

பெரியப்பா: கவின், நீ கோல் காப்பவன். உன் சாட்சியம் என்ன?

கவின்: பெரியப்பா, மற்ற வீரர்கள் ஒரு நிமிடத்துக்குள் மாறி மாறி வாங்குக்குப் போய்விடுவார்கள். பிழைவிட்டவனும் போய் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்ளலாம். கோல் காப்பாளர் அங்கேயே நிற்கவேண்டும். ஒரு கோல் விழுந்தவுடன் நாங்கள் முகமூடியைத் தூக்கி, வலைக்கு மேலே இருக்கும் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடிப்போம். தாகத்துக்கு அல்ல, வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. குடிக்கும்போது பயிற்றுநரைப் பார்க்காததுபோலப் பார்ப்போம். நான்கு, ஐந்து விழுந்தால் பெரும்பாலும் பயிற்றுநர் மற்றவரை அனுப்புவார். அது தண்டனை அல்ல, காப்பாற்றுவது. ஒன்பது வரைக்கும் விட்டது ஆட்டத்துக்காக அல்ல என்று நான் நினைக்கிறேன்.

நான்: தம்பி இவ்வளவு நீளமாக எழுதி நான் பார்த்ததில்லை.

ரொறொன்ரோ சித்தப்பா: நன்றாகச் சொன்னாய் கவின். ட்றம்ப்ளே செய்தது சரி என்று நான் சொல்லவே இல்லை. பயிற்றுநர் பிழைவிட்டால் பயிற்றுநரிடம் கேட்கவேண்டும். அவரைத் தாண்டி, எல்லாரும் பார்க்க, தலைவரிடம் போவது முறையல்ல. அதற்குப் பிறகு அணியின் அறையில் ட்றம்ப்ளே யாரைக் கண்டிக்கமுடியும்? இருவரில் ஒருவர் போகவேண்டிய நிலையைத் தோற்றுவித்தவர் றுவா.

பெரியப்பா: அப்படியானால் பயிற்றுநரை அனுப்பியிருக்கலாமே. பயிற்றுநர்கள் கிடைப்பார்கள். அப்படி ஒரு கோல் காப்பாளன் எத்தனை ஆண்டுக்கு ஒருவன் பிறப்பான்? போகவிட்டவர்களே 2008இல் அவருடைய 33ஆம் இலக்கச் சட்டையை அரங்கின் கூரையில் ஏற்றி மதிப்பளித்தார்கள். அதற்குப் பதின்மூன்று ஆண்டு எடுத்தது.

மாமி: நம் வீட்டில் அதைவிடக் கூட எடுத்தது அண்ணா.

துளசி அக்கா: நான் ஒன்று கேட்கிறேன், யாரும் கோபிக்கவேண்டா. இந்த வழக்கில் தீபோவின் பெயர் ஏன் ஒரு வரியோடு போய்விடுகிறது? அவர் மொன்றியலிலேயே பிறந்த பையன். அன்றைக்கு வயது இருபது. றுவாவைக் கேலிசெய்த அதே சபைக்கு முன்னால், றுவாவின் இடத்தில், றுவாவோடு ஒப்பிடப்படுவதற்காகவே கொண்டுவந்து நிறுத்தப்பட்டார். அவர் மோசமாக ஆடிவிடவில்லை; ஆனால் யார் ஆடினாலும் அங்கே போதாது. மூன்று ஆண்டு கழித்து, 1998இல், அவரையும் சிகாகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரியவர்களின் வீம்புக்கு விலை கொடுத்தவர் அந்தப் பையன் என்பதே என் வாதம். மூன்றாவது தரப்பாக அவரையும் வைக்கவேண்டும்.

கோபி அத்தான்: வழக்காடு மன்றத்தில் மூன்று தரப்பு வைக்கும் வழக்கம் இல்லை மச்சாள்.

துளசி அக்கா: பொங்கலில் ஹொக்கி வைக்கும் வழக்கமும் இல்லை கோபி.

மாமி: அவள் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. பாவம், அந்தப் பிள்ளை.

பெரியப்பா: சரி. தலைப்பை இப்படி எழுதுகிறேன்: ‘மொன்றியல் பற்றிக் றுவாவை இழந்தது அவரது கோபத்தாலா, நிருவாகத்தின் அவசரத்தாலா?’ கோபத்தைக் குற்றஞ்சாட்டத் தம்பி, நிருவாகத்தைக் குற்றஞ்சாட்டக் கோபி. ஆனால் தம்பி நேரில் வந்தால்தான் இது நடக்கும்.

ரொறொன்ரோ சித்தப்பா: 401 நெடுஞ்சாலையில் ஜனவரிப் பனியை உங்களுக்குத் தெரியும் அண்ணா. ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடவேண்டும். வானிலையைப் பார்த்துச் சொல்கிறேன்.

மாமி: ஒவ்வோர் ஆண்டும் வானிலைதான் குற்றவாளி.

பெரியப்பா: தம்பி, தொடருந்தும் ஓடுகிறது. நிலையத்துக்கு நானே வருவேன்.

ரொறொன்ரோ சித்தப்பா: பார்ப்போம் அண்ணா. பெயரை மட்டும் இப்போதைக்கு அச்சில் போடவேண்டா.

பெரியப்பா: பேச்சாளர்கள் பின்னர் அறிவிக்கப்படுவர் என்று போடச் சொல்கிறேன். நீதிபதி யார் என்பதையும் விட்டுவிடுகிறேன்; நானும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று கோபியின் தாய் சொல்லிவிட்டாள்.

கோபி அத்தான்: அப்படியானால் தலைப்பு உறுதியா பெரிய மாமா?

பெரியப்பா: செயலாளர் ஒப்புக்கொண்டால் உறுதி. அவர் ரொறொன்ரோ அணியின் ஆள் என்பதுதான் எனக்குக் கவலை.

துளசி அக்கா: தீபோவுக்காகப் பேசப்போவது யார் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

அப்பா: கவின் பேசட்டும். இப்போது வடை எத்தனை என்று சொல்லுங்கள், உளுந்து வாங்கவேண்டும்.