மூன்று வயது மகன்: தெரபி மையமா, சாதாரண ப்ளே ஸ்கூலா?

நிலாமுற்றம்:
மகனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. ஆட்டிசம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். பேச்சு இன்னும் வரவில்லை. எது வேண்டுமானாலும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன் மேல் வைப்பான். இப்போது எங்கள் முன்னால் இரண்டு வழி. ஒன்று ஏபிஏ மையம், அதாவது ஒவ்வொரு திறனையும் சின்னச் சின்னப் படியாகப் பிரித்துப் பாராட்டிப் பழக்கும் நடத்தைப் பயிற்சி: வாரத்துக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல், ஒரு பிள்ளைக்கு ஒரு தெரபிஸ்ட். இன்னொன்று, ப்ளே ஸ்கூலில் அரை நாள், அது போக வாரம் சில தடவை ஸ்பீச் தெரபியும், அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும். கணவருக்கு முதல் வழி, எனக்கு இரண்டாவது. "ஐந்து வயதுக்குள் விட்டால் விட்டதுதான்" என்று மையத்தில் சொன்னதிலிருந்து தூக்கமே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நேர்கோடு:
சகோதரி, மையத்திலேயே சேர்த்துவிடுங்கள். என் மகளையும் முதலில் ப்ளே ஸ்கூலில்தான் போட்டோம். மூலையில் உட்கார்ந்து பொம்மை காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பாள். கேட்டால், "தங்கமான பிள்ளை சார், ஒரு தொந்தரவும் இல்லை" என்பார்கள். தொந்தரவு இல்லாத பிள்ளையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மற்ற பிள்ளைகளைப் பார்த்துக் கற்றுக்கொள்வான் என்று எல்லாரும் சொல்வார்கள். பார்த்துச் செய்வதையே நம் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. 1987-இல் லோவாஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில் வாரம் 40 மணி நேரம் ஏபிஏ பயிற்சி பெற்ற 19 பேரில் 9 பேர் சாதாரண வகுப்பில் படிக்கும் நிலைக்கு வந்தார்கள். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2001-இல் வாரம் குறைந்தது 25 மணி நேரம் என்று சொன்னது. அரை நாள் பள்ளி எந்த மூலைக்கு?

சாக்பீஸ்:
மழலையர் வகுப்பு எடுக்கிறவள் நான். என் வகுப்பில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் சேர்ந்தே படிக்கிறார்கள்.

நேர்கோடு சார், லோவாஸைச் சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும். யாருக்கு எந்தப் பயிற்சி என்பதைக் குலுக்கல் முறையில் பிரிக்காத ஆய்வு அது. பிள்ளைகளைச் சத்தமாக அதட்டுவதும் தொடையில் அடிப்பதும் அந்தப் பயிற்சிக்குள் இருந்தன. அடுத்து, அந்த 25 மணி நேரம் தெரபி அறைக்குள் என்று எங்கே இருக்கிறது? பிள்ளை திட்டமிட்ட கற்றலில் ஈடுபட்டிருக்கும் நேரம் என்பதுதான் கணக்கு. நல்ல வகுப்பில் கழிகிற நேரமும் அதில் சேரும். 2021-இல் சாலி ராஜர்ஸ் குழு 87 குழந்தைகளை வைத்து ஏபிஏவையும், விளையாட்டோடு சேர்த்துச் சொல்லித்தரும் டென்வர் முறையையும் வாரம் 15 மணி நேரம், 25 மணி நேரம் என்று ஒப்பிட்டது. முறையிலும் சரி, மணிக்கணக்கிலும் சரி, மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நேர்கோடு:
டீச்சர், அந்தக் குழந்தைகள் எல்லாரும் இரண்டரை வயதுக்கு உட்பட்டவர்கள். அந்த 15 மணி நேரமும் பயிற்சி பெற்றவர் ஒருவர் ஒரே குழந்தையோடு உட்கார்ந்த நேரம். அதைக் காட்டி, இருபது பிள்ளைக்கு ஒரு ஆயா இருக்கிற பள்ளியும் அதுவும் ஒன்று என்று சொல்லாதீர்கள். இவர்களுக்குக் கிடைக்கப் போவது முக்கால் மணி நேர ஸ்பீச் தெரபி. அதிலும் கால் மணி நேரம் பையன் அழுது அடங்கவே போய்விடும்.

தனிவழி:
நானே ஆட்டிசம் உள்ளவன், இப்போது வேலைக்குப் போகிறேன். நீங்கள் இருவரும் மணிக்கணக்கை வைத்தே மல்லுக்கட்டுகிறீர்கள். முப்பது மணி நேரம் அவனுக்கு எதைச் சொல்லித்தரப் போகிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா? நிலாமுற்றம் அக்கா, மையத்தில் இலக்குகளை எழுத்தில் வாங்கிப் பாருங்கள். "கண்ணைப் பார்ப்பான்", "கையை ஆட்டமாட்டான்" என்று இருந்தால் அந்த இடமே வேண்டாம். பேசுகிறவரின் கண்ணைப் பார்த்தால் அவர் சொல்வது எனக்குக் காதில் ஏறாது. "வேண்டாம் என்று காட்டத் தெரியும்", "உதவி கேட்பான்" என்று இருந்தால் சரி, மேலே பேசலாம்.

அப்புறம், பேச்சு வரும்வரை காத்திருக்காதீர்கள். பெக்ஸ் என்ற பட அட்டை முறை 1985-இலிருந்து இருக்கிறது. படத்தைக் கையில் கொடுத்தால் பேச சோம்பல்படுவான் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பேச்சு குறைந்ததாகத் தெரியவில்லை, பல பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடத்தான் செய்தது.

நேர்கோடு:
தம்பி சொல்வதை மதிக்கிறேன். என் மகள் போன மையத்தில் கண்ணைப் பார் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தரையில் படுத்து விளையாடித்தான் சொல்லித்தந்தார்கள். பழைய ஏபிஏவைக் காட்டி இன்றைய ஏபிஏவை அடிக்காதீர்கள். கழிப்பறைக்குப் போக, சட்டை போட, ரோட்டில் ஓடாமல் நிற்க அவள் அங்கேதான் கற்றாள். இதையெல்லாம் எந்த ப்ளே ஸ்கூல் சொல்லித்தரும்?

சாக்பீஸ்:
பல பள்ளிகள் சொல்லித்தராது, ஒப்புக்கொள்கிறேன். பிள்ளையைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு அதை ஒருங்கிணைப்பு என்று சொல்லிக்கொள்வது எனக்கும் பிடிக்காது. பிலிப் ஸ்ட்ரெய்ன் உருவாக்கிய லீப் வகுப்புகளில் ஆட்டிசம் உள்ள மூன்று நான்கு பிள்ளைகள், கூடவே பத்து மற்ற பிள்ளைகள். அந்தப் பத்துப் பேருக்கும் பயிற்சி உண்டு: எப்படிக் கூப்பிடுவது, பொம்மையை எப்படி நீட்டுவது, பதில் வரவில்லை என்றால் எப்படி மறுபடி முயல்வது. எங்கள் வகுப்பிலும் இப்படிச் செய்து பார்த்திருக்கிறோம். புதிர்ப் படத்தின் கடைசித் துண்டைத் தோழி கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பெரியவர்கள் நீட்டினால் திரும்பாத பையன் அவள் கையைப் பார்ப்பான், பிறகு துண்டைத் தொடுவான். அதுவும் ஒரு கேள்விதான். தெரபி அறையில் மூடிய கதவுக்குள் இது கிடைக்காது.

தோழி, பள்ளிக்குப் போனால் பாட்டு நேரத்தைப் பார்க்காதீர்கள், அது எங்கும் நன்றாகத்தான் இருக்கும். விளையாட்டை நிறுத்தி அடுத்த வேலைக்குப் போகிற அந்த ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். நம் பிள்ளைகள் உடைந்துபோவது அங்கேதான். அடுத்து என்ன என்று படம் காட்டிச் சொல்கிறார்களா, கையைப் பிடித்து இழுக்கிறார்களா? இழுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

அந்த ஐந்து வயது மிரட்டலையும் விடுங்கள். சீக்கிரம் தொடங்குவது நல்லது, அதில் சண்டை இல்லை. ஆனால் நான்கு வயதுவரை சொற்களைச் சேர்த்துப் பேசாத 535 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 2013-இல் வந்தது. அவர்களில் 70 சதவீதம் பேர் பிற்பாடு சொற்றொடர்களாகப் பேசினார்கள்.

நிலாமுற்றம்:
எல்லாருக்கும் நன்றி. இரண்டு இடத்துக்கும் போய்விட்டு வந்தேன். மையத்தில் உள்ளே உட்கார விட்டார்கள். இலக்குகளை எழுதிக் கேட்டேன். "வேண்டாம் என்று காட்டுவது" இரண்டாவதாக இருந்தது, கண் பார்ப்பது பட்டியலிலேயே இல்லை. பள்ளியில் "பெற்றோர் கேட்டுக்கு இந்தப் பக்கம்தான்" என்று நிறுத்திவிட்டார்கள். பட அட்டையா, எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் சொல்லித்தருவோம் என்றார்கள்.

நேர்கோடு:
பிறகென்ன, முடிந்தது.

சாக்பீஸ்:
முடிந்தது அந்தப் பள்ளி மட்டும்தான் சார். தோழி, முப்பது மணி நேரம் என்பதைப் பாதியாகக் குறைத்துத் தருவார்களா என்று மையத்தில் கேளுங்கள். மீதி நேரத்துக்கு, உள்ளே வந்து பார்க்க விடுகிற வேறு பள்ளியைத் தேடலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு மதியத் தூக்கமும் வேண்டும்.

நேர்கோடு:
பாதியாகக் குறைக்கலாம், ஆனால் முதல் ஆறு மாதம் முழுசாகக் கொடுத்துப் பார்த்துவிட்டுக் குறைக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

தனிவழி:
ஆறு மாதத்தை விடுங்கள். முதல் மாதம் காலையில் செருப்பைப் போட்டதும் அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள் அக்கா. பேசாவிட்டாலும் அவனும் ஒரு கட்சிதான்.

நிலாமுற்றம்:
மையத்தில் கேட்டேன். வாரம் பதினைந்து மணி நேரம் என்றால் காலை நேரம் கிடைக்காது, மதியத்துக்கு மேல்தான் என்கிறார்கள். அவன் தூங்குகிற நேரம் அது. வேறு ஒரு சின்னப் பள்ளியில் ஒரு நாள் முழுக்க உள்ளே இருந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை அவரும் லீவு போட்டுவிட்டு வருகிறார்.