ரெண்டும் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட பிரிட்டிஷ் காலத்து ரூபாய்தான், மெஷின்ல ஒண்ணு 92, ஒண்ணு 58. போலியா?

தக்கலைக்காரன்:
அவசரம். ஆச்சி பெட்டியில கிடந்த வெள்ளி ரூபாய். நாகர்கோவில்ல ஒரு நகைக்கடையில வெள்ளி எத்தனை சதவீதம்ணு பார்க்கிற காரட் மெஷின்ல வச்சுக் காட்டினாங்க. ஒண்ணு 92, இன்னொண்ணு 58. ரெண்டாவது கள்ளக்காசுண்ணு சொல்லுதாங்க. நாளைக்குள்ள முடிவு சொல்லணும்.

குழித்துறை மக்கா:
வருசம் என்ன? எடை? ஜார்ஜுண்ணா தாடி உள்ள அஞ்சாம் ஜார்ஜா, தாடி இல்லாத ஆறாம் ஜார்ஜா?

தோவாளை 629:
காந்தம் வச்சுப் பாருங்க. ஒட்டினா போலி.

வடசேரி உரைகல்:
இந்தக் கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் எழுதுறது? தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்ல. உரைகல்லில் ஒரு கோடு, ஒரு சொட்டு நைட்ரிக் அமிலம். தொழில் தெரிஞ்சவனுக்கு அது போதும்.

நாணயப்பிரியன்:
அண்ணே, இந்த விஷயத்துல உரைகல்லே ஏமாத்தும். 1940 வரைக்கும் ரூபாயில 91.7 சதவீதம் வெள்ளி, மிச்சம் செம்பு. போர்க்காலத்துல வெள்ளி பத்தாம, 1940-ல் அதை 50 ஆக்கினாங்க. கூட செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. எடை மட்டும் அதே 11.66 கிராம். அதனால 1938 ரூபாயில 10.69 கிராம் வெள்ளி, 1944 ரூபாயில 5.83. ரெண்டும் அரசாங்கம் அடிச்ச அசல்தான்.

அச்சடிக்கும் முன்னால தகட்டைக் காய்ச்சி அமிலத்துல முக்குவாங்க. மேல்தோல்ல உள்ள செம்பு கரைஞ்சு வெள்ளி மட்டும் நிற்கும். மெஷினும் அந்தத் தோலைத்தான் படிக்குது. 50 இருக்கவேண்டிய இடத்துல 58 காட்ட அதுவே போதும். லேசா உரசின கோடும் அப்படித்தான்.

வடசேரி உரைகல்:
ஆழமா உரசணும், அது தெரியாதா?

நாணயப்பிரியன்:
ஆழமா உரசினா காசுல தழும்பு விழும். சேகரிக்கிறவன் விலையைக் குறைப்பான். தண்ணியில எடை போடுங்க. 0.01 கிராம் தராசு வேணும், சமையல் தராசு ஆகாது. முதல்ல காசை உலர்வா நிறுத்துக்கணும். அப்புறம் ஒரு சின்னக் கண்ணாடி டம்ளர் தண்ணியைத் தராசுல வச்சு பூஜ்ஜியமாக்கி, காசை மெல்லிய நூல்ல கட்டி, அடியிலயும் பக்கத்துலயும் தொடாம முங்க விடுங்க. காட்டுற எண்ணால உலர் எடையை வகுங்க. பழைய வெள்ளிண்ணா 10.3 பக்கம், போர்க்காலத்துதுண்ணா 9.5 பக்கம் வரும். வெள்ளி முலாம் பூசின செம்புண்ணா 9-க்குக் கீழே. காசுல குமிழி ஒட்டினா கணக்கு கெடும். தண்ணியில ஒரு துளி சோப்பு விடுங்க. தேய்ஞ்ச காசானாலும் விகிதம் மாறாது. கொக்கி பத்தவச்ச காசுல மட்டும் நம்பாதீங்க. கால் ரூபாய்ண்ணா நாலைஞ்சைச் சேர்த்துப் போடுங்க, ஒத்தைக் காசுல வித்தியாசம் 0.02 கிராம்தான்.

குழித்துறை மக்கா:
தாடி இல்லாததெல்லாம் 50-ண்ணு நினைச்சிராதீங்க. 1938 ரூபாய் தாடி இல்லாத ஆறாம் ஜார்ஜ், ஆனா 91.7.

தோவாளை 629:
நம்ம ஊர்ல அப்போ திருவிதாங்கூர் சமஸ்தானத்துச் சக்கரக் காசுதானே ஓடிச்சு? பிரிட்டிஷ் காசு எப்படி வந்துச்சு?

குழித்துறை மக்கா:
ரெண்டும் புழங்கிச்சு. ரூபாய்க்கு 28 சக்கரம்.

வடசேரி உரைகல்:
28 சக்கரம் திருவிதாங்கூர் சர்க்கார் ரூபாய்க்கு. பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½. இதுகூடத் தெரியாம பதில் சொல்ல வந்திரணும்.

குழித்துறை மக்கா:
அரைச் சக்கரத்துக்கு இவ்வளவு கோபமா அண்ணே?

தக்கலைக்காரன்:
வருசம் 1919, 1944. தண்ணியில தராசு காட்டினது 1.12, 1.22. வகுத்தா நீங்க சொன்ன கணக்குப் பக்கம்தான் வருது. ரெண்டும் அசல்தான் போல. பெட்டியில மூணாவதா ஒரு ரூபாய் காந்தத்துல ஒட்டுது, பின்னாடி புலி. அது கள்ளம்தானே?

நாணயப்பிரியன்:
1947-ஆ பாருங்க. அந்த வருசம் ரூபாய் முழு நிக்கல், ஒட்டத்தான் செய்யும். அசல்தான், வெள்ளி கிடையாது. புளி போட்டுத் தேய்க்காதீங்க, எதையும்.

தோவாளை 629:
தேய்ச்சாச்சோ என்னவோ, ஆளைக் காணோம்.