டிராம்போலின் பூங்காவில் பகுதிநேர வேலை: சேரும் முன் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி:
எனக்கு வயது 16. உள்ளரங்க டிராம்போலின் (துள்ளிக் குதிப்பதற்காக இழுத்துக் கட்டிய மீள்தன்மையுள்ள விரிப்பு) பூங்கா ஒன்றில், வார இறுதிகளில் குதிப்பவர்களைக் கண்காணிக்கும் வேலைக்கு அழைத்திருக்கிறார்கள். என்னைவிட மூத்தவர்களிடம் விதிகளை எடுத்துச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. சேரும் முன் எவற்றைக் கேட்டுத் தெளிவது நல்லது?

மறுமொழி 1:
ஒரு விரிப்பில் ஒருவர் மட்டுமே குதிக்கலாம் என்பதே நீங்கள் முதலில் காக்க வேண்டிய விதி. எடை மிகுந்தவர் இறங்கும்போது விரிப்பில் சேரும் விசை, அதே விரிப்பில் இருக்கும் சிறு குழந்தையை எதிர்பாராத உயரத்துக்குத் தூக்கி எறிந்துவிடும். பலர் சேர்ந்து குதிக்கும்போதுதான் காயங்கள் மிகுதியாக நேர்கின்றன, அவற்றிலும் சிறியவர்களே அதிகம் அடிபடுகிறார்கள். குழந்தையோடு சேர்ந்து குதிக்க விரும்பும் பெற்றோரிடம், "குழந்தையின் கால் முறியக்கூடும்" என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் வயது வேறுபாடு தடையாக இராது.

மறுமொழி 2:
நுரைக்கட்டிகள் நிரப்பிய குழியிலும் கவனம் தேவை. முன்னவர் முழுமையாக வெளியேறியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்தவரை அனுப்ப வேண்டும். தலைகீழாகப் பாய அனுமதிக்கவே கூடாது. விழுந்தவர் கழுத்து வலிக்கிறது என்றால், அவரைத் தூக்கி நிறுத்தாமல், அசைக்காமல், அவசர மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். இதற்கான பயிற்சியை முதல் நாளுக்கு முன்பே தருவார்களா என்று கேளுங்கள். தர மறுத்தால், ஊதியம் எவ்வளவாக இருந்தாலும், அங்கே சேர வேண்டாம்.

மறுமொழி 3:
தேர்வுக் காலத்தில் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாமா என்பதையும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.