லாக்டுலோஸ் மருந்தைத் தினமும் குடிக்கலாமா?

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு மலம் இறுகியதால், பலதுறை மருந்தகத்தில் லாக்டுலோஸ் கொடுத்தார்கள். முதல் நாள் பலன் தெரியவில்லை என்று அவராகவே அளவை இரட்டிப்பாக்கியதில், வயிறு உப்பி, மறுநாள் முழுவதும் கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். இதைத் தினமும் தொடரலாமா?

பதில் 1: நான் தாதி. இம்மருந்து குடலுக்குள் நீரை இழுத்து மலத்தை இளக்குவதால், பலன் தெரிய 1 முதல் 2 நாள் ஆகும். அதற்குள் அளவைக் கூட்டக் கூடாது. மருத்துவர் சொன்ன அளவில், போதிய தண்ணீருடன் தொடரலாம். இரும்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பதில் 2: மலச்சிக்கலுக்குத் தரும் இன்னொரு மருந்தான சென்னா வேறு வகை, அது குடலைத் தூண்டும். என் மாமனார் இரண்டும் ஒன்றென்று நினைத்து, சேர்த்தே விழுங்கி அவதிப்பட்டார்.

பதில் 3: இரும்பு மாத்திரையால் மலம் கருப்பது வழக்கம்தான். ஆனால் தார்போல ஒட்டினாலோ, இரத்தம் தென்பட்டாலோ, எடை குறைந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.