ஒன்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு நாங்கள் முறையாகச் செய்ய வேண்டியவை எவை?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒன்பது ஆண்டுகளாக ஓர் அக்கா வேலை செய்கிறார். அவருக்கு வயது 47. காலை ஏழு மணிக்கு வந்து பாத்திரம் தேய்த்து, வீட்டைப் பெருக்கித் துடைத்து, துணிகளை அலசிக் காயப்போட்டுவிட்டு ஒன்பது மணிக்கு அடுத்த வீட்டுக்குப் போவார். எங்களையும் சேர்த்து மூன்று வீடுகள். நாங்கள் மாதம் 4,000 ரூபாய் தருகிறோம். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளமும் புடவையும், பொங்கலுக்கு அரிசி, வெல்லத்தோடு 500 ரூபாயும் கொடுப்பது வழக்கம். அவருடைய மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு இரண்டு முறை உதவியிருக்கிறோம். இவ்வளவு செய்கிறோமே என்ற நிம்மதியில்தான் நான் இருந்தேன்.

போன வாரம் தேநீர் கொடுத்தபோது டம்ளரை முந்தானையால் சுற்றிப் பிடித்தார். சூடு அதிகமா என்று கேட்டதற்கு, "சூடு இல்லம்மா, விரல் எரியுது" என்றார். கையை விரித்துக் காட்டச் சொன்னேன். விரல் நுனிகள் வெடித்து, சில வெடிப்புகளுக்குள் சிவப்பாகச் சதை தெரிந்தது. ரேஷன் கடைக் கருவியில் கைரேகை விழாததால் ஒரே மாதப் பொருளுக்கு இரண்டு, மூன்று நடை அலைகிறாராம். இதை ஒன்பது ஆண்டுகளில் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று இரவு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்து, தென்பெண்ணை வெள்ளம் குடியிருப்புகளுக்குள் புகுந்தபோது அவர் வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர் நின்றது. ஆறு நாள் வேலைக்கு வர முடியவில்லை. அந்த ஆறு நாளுக்கு 800 ரூபாயைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது நான்தான். அதே வாரத்தில் பாயும் போர்வையும் பழைய துணிகளும் கொடுத்தனுப்பியதால் அது எனக்குத் தவறாகவே தோன்றவில்லை. உரிய பணத்தைப் பிடித்துக்கொண்டு பழைய போர்வையை உதவி என்று கொடுத்திருக்கிறேன்.

அவருக்கு விடுப்பை எப்படி முறைப்படுத்துவது, கைக்கும் மண்டியிட்டுத் துடைக்கும் முழங்காலுக்கும் என்ன செய்வது, முதுமைக்கு ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். என் மாமியார் அவருக்கென்று தனி டம்ளர் ஒன்றைப் பின்கட்டு ஜன்னலில் வைத்திருக்கிறார். அதைப் பற்றியும் எழுதாமல் விட மனமில்லை.

முதுநகர் மகள் எழுதுகிறார்:

சகோதரி, என் அம்மா முதுநகரில் 22 ஆண்டுகள் வீட்டு வேலை செய்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்து இன்று வேலையில் இருக்கிறேன். ஆகவே பின்கட்டுப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு உதவி செய்த வீடுகள் நிறைய இருந்தன. எனக்குப் புத்தகம் வாங்கித் தந்தவர்களை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அந்த உதவியைக் கேட்கப் போகும் நாளில், நல்ல முகத்தோடு இருக்கிறார்களா என்று பார்த்து, வேலை முடிந்தும் கிளம்பாமல், வாசற்படியருகே அம்மா நின்றுகொண்டிருப்பார். அப்படிக் காத்து நின்ற நாட்கள்தான் அவரை வேலையைவிட அதிகமாகச் சோர்வடையச் செய்தன. ஒரே ஒரு வீட்டில், மாதத்தில் இன்னின்ன நாள் விடுமுறை, உடம்புக்கு முடியாமல் போனால் சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டில் சம்பளம் ஒன்றும் அதிகமில்லை. இருந்தும் கடைசிவரை அம்மா விடாத வீடு அதுதான். அவருக்கு வேண்டியிருந்தது, கேட்டு நிற்காமலே கிடைக்கும் என்ற உறுதி.

விடுப்பைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் தெரியாத இரண்டு விஷயங்கள் உண்டு. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கொடுத்தாலும் மற்ற இரண்டு வீடுகள் கொடுக்காவிட்டால் அவர் அதே ஐந்து மணிக்குத்தான் எழுந்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் மிச்சமாகுமே தவிர, ஒரு நாள் கிடைக்காது. அதனால் அந்த இரண்டு வீட்டாரிடமும் நீங்களே பேசி, மூன்று வீட்டுக்கும் ஒரே நாளாக அமைத்துக் கொடுங்கள். அவர் பேசினால் வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கும். நீங்கள் பேசினால் அந்தப் பயம் இல்லை. அடுத்தது, விடுப்பு முடிந்து வரும் காலையில் முந்தின நாள் பாத்திரமும் சேர்ந்து தொட்டியில் குவிந்திருந்தால், அது விடுப்பாகாது. ஒரு நாள் வேலையை மறுநாளுக்குத் தள்ளி வைத்ததாகத்தான் ஆகும். அந்த ஒரு நாளாவது வீட்டில் உள்ளவர்கள் தேய்த்து வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். அம்மா பல வீடுகளில் கழிவறையைக் கழுவினார். அதைப் பயன்படுத்த ஒரு வீட்டிலும் அவருக்கு அனுமதி இருந்ததில்லை. காலை ஆறரை மணிக்குக் கிளம்பினால் பகல் ஒன்றரை மணி வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீரே குடிக்க மாட்டார். சிறுநீர்த் தொற்று வந்து வந்து போகும். உங்கள் அக்காவிடம், "பாத்ரூம் போகணும்னா இதுலயே போங்கக்கா" என்று நீங்களாகச் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.

டம்ளரைப் பொறுத்தவரை, மாமியாரிடம் வாதம் செய்து வெல்வது கடினமாக இருக்கலாம். ஜன்னலில் இருக்கும் டம்ளரை எடுத்துவிட்டு, வீட்டில் எல்லோரும் குடிக்கும் டம்ளரில் உங்கள் கையால் கொடுங்கள். என் அம்மா அந்த ஜன்னல் டம்ளரை ஒவ்வொரு நாளும் தானே கழுவித் திரும்பக் கவிழ்த்து வைத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அது எந்தப் பிள்ளைக்கும் மறக்காது.

வண்டிப்பாளையம் செவிலியர் எழுதுகிறார்:

கையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன் என்று நினைத்தேன். முழங்காலையும் விட முடியவில்லை.

நீங்கள் சொல்வது தொடர்ந்த ஈரமும் காரத்தன்மையுள்ள தேய்க்கும் தூளும் சேர்ந்து தோலின் எண்ணெய்ப் பசையை அரித்துவிடுவதால் வரும் தோல் அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. பாத்திரம் தேய்க்கும் தூளுக்குப் பதிலாகத் திரவம் வாங்குங்கள். ரப்பர் கையுறையை வெறுங்கையில் மாட்டினால் உள்ளே வியர்த்து இன்னும் மோசமாகும். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டு, அதன் மேல் ரப்பர் கையுறை போட வேண்டும். அவருடைய கை அளவுக்கே வாங்குங்கள், ஏனென்றால் தொளதொளவென்று இருந்தால் பாத்திரம் வழுக்கும் என்று இரண்டாம் நாளே கழற்றி வைத்துவிடுவார். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் ஒற்றி, வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொள்ள வேண்டும். எங்களிடம் இப்படி வரும் பெண்களில் கால் விரல் இடுக்குகளைப் பார்த்தால் சேற்றுப்புண்ணும் இருக்கும்; அதையும் கேளுங்கள்.

கழிவறைக்கு ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடும் பழக்கம் எந்த வீட்டில் இருந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அடைத்த சிறிய அறையில் குனிந்து தேய்ப்பவருக்குத்தான் அது முதலில் நெஞ்சில் இறங்கும்.

மண்டியிட்டுத் துடைப்பவர்களுக்கு முழங்கால் சிப்பியின் முன்பக்கம் நீர் கோத்து வீங்கும். நீளக் கைப்பிடி வைத்த மாப் வாங்கிக் கொடுங்கள். "குனிந்து துடைத்தால்தான் சுத்தம்" என்று பெரியவர்கள் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை ரத்தச்சோகை, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் வரும் நேரத்தில் இவர் உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இருப்பார். ஆகவே பரிசோதனைக்கென்று சம்பளத்தோடு அரை நாள் கொடுத்தால்தான் அது நடக்கும்.

முத்தியால்பேட்டை ஓய்வூதியர் (புதுச்சேரி) எழுதுகிறார்:

வங்கியில் 30 ஆண்டுகள் கவுண்ட்டரில் இருந்தவன் என்பதால் பணத்தின் பக்கத்தைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. உங்கள் அக்கா அதில் உறுப்பினரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் கடலூரில் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தின் வழியாகப் பதிவு செய்யலாம். அவருடைய மகன் கல்லூரியில் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு, விபத்துக்கும் இயற்கை மரணத்துக்கும் குடும்பத்துக்கு நிதி உண்டு, 60 வயது நிறைந்தால் ஓய்வூதியம் உண்டு. நீங்கள் இரண்டு முறை கையிலிருந்து கொடுத்ததோடு இதையும் வாங்கிக் கொடுத்தால், அது அவருடைய சொந்த உரிமையாக அவர் கையில் இருக்கும், நாளை நீங்கள் வீடு மாறிப் போனாலும்.

அவர் வங்கிக் கணக்கில் மத்திய அரசின் இரண்டு காப்பீடுகளைச் சேர்த்துவிடுங்கள். விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய், ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய். இரண்டிலும் தலா 2 லட்சம். ஆயுள் காப்பீட்டில் 50 வயதுக்குள் சேர்ந்தாக வேண்டும். அவருக்கு 47 என்பதால் தள்ளிப்போட நேரமில்லை. மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பார்கள், அப்போது பணம் இல்லாவிட்டால் காப்பீடு விட்டுப்போகும். அந்தப் பணத்தை மே மாதத் தொடக்கத்தில் கொடுக்கும் சம்பளத்தோடு நீங்களே போட்டுவிடுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021-இல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவுக்கு 59 வயது வரை இடமுண்டு. ஆனால் மாதம் 3,000 ரூபாய் தரும் மத்திய ஓய்வூதியத் திட்டத்தில் 40 வயதோடு கதவு மூடிவிடுகிறது. அது தொடங்கிய சமயத்தில் யாராவது அவரை அழைத்து உட்காரவைத்துப் பேசியிருந்தால் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. 2019-இல் அது வந்தபோது அவர் வயது எல்லையின் விளிம்பில் இருந்திருப்பார்.

அதற்கு ஈடாக அஞ்சலகத்தில் அவர் பெயரில் ஐந்தாண்டுத் தொடர் வைப்பு தொடங்கி, மாதம் 500 ரூபாயைச் சம்பளத்துக்கு மேல் நீங்கள் கட்டுங்கள். பாஸ்புத்தகம் அவரிடமே இருக்கட்டும். முன்பணம் கொடுத்திருந்தால், குழுக் கடன் தவணை போகும் வாரத்தில் அதைப் பிடிக்காதீர்கள்.

2011-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்கான 189-ஆம் உடன்படிக்கையை ஏற்றது. வாராந்திர ஓய்வு அதில் தெளிவாக இருக்கிறது. நம் நாடு இன்னும் அதை உறுதி செய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இவர்களுக்கான சட்டத்தைப் பற்றி ஆராயக் குழு அமைக்கச் சொல்லியிருக்கிறது. அந்தச் சட்டம் வரும்வரை, நம் வீட்டுச் சமையலறையில் நாம் எழுதி வைப்பதுதான் அவர்களுக்குச் சட்டம்.

கெடிலக்கரை மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பத்து நாட்களில் நடந்ததைச் சொல்கிறேன்.

மற்ற இரண்டு வீட்டாரிடமும் பேசினேன். ஒருவர் உடனே ஒப்புக்கொண்டார். இன்னொருவர், வயதான மாமனாரை வைத்துக்கொண்டு வாரம் ஒரு நாள் சமாளிக்க முடியாது என்று தயங்கினார். இப்போதைக்கு இரண்டாம், நான்காம் ஞாயிறுகள் மூன்று வீட்டுக்கும் பொது விடுமுறை என்று முடிவாகியிருக்கிறது. மற்ற ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் விடுமுறைதான். கணவரும் மகனும் அன்று பாத்திரம் தேய்க்கிறார்கள். உடம்புக்கு முடியாத நாளுக்கும் புயல், வெள்ள நாட்களுக்கும் சம்பளம் பிடிப்பதில்லை என்று ஒரு தாளில் எழுதி, படித்துக் காட்டி, ஒரு பிரதியை அக்காவிடம் கொடுத்தேன்.

800 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தபோது முதலில் வாங்க மறுத்தார். பிறகு, "அந்த மாசம் அரிசிக் கடையில பாக்கி வச்சேன்மா, அதான் ஞாபகம் வருது" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நானும் எதுவும் சொல்லவில்லை.

ஜன்னல் டம்ளரை எடுத்துவிட்டேன். மாமியார் இரண்டு நாள் பேசவில்லை; இப்போது பேசுகிறார்.

தோல் மருத்துவர் களிம்பு கொடுத்து, ஒரு மாதம் கையுறை இல்லாமல் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அஞ்சலகக் கணக்குக்கு அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டார். ரேஷன் கடையில் கைரேகை விழுகிறதா என்று அடுத்த மாதம் அவர் போய் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.