விண்டோஸ் 10-லிருந்து லினக்ஸ் மின்ட்: வைஃபை டாங்கிளும் பிரிண்டரும் வேலை செய்யவில்லை, நிறுவலாமா?

தொண்ணூறடி:
தாராவியில் தொண்ணூறு அடி சாலைப் பக்கம் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கணினியில் ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ3 செயலி, 8 ஜிபி ராம், போன வருடம்தான் எஸ்எஸ்டி போட்டேன், வேகத்தில் ஒரு குறையும் இல்லை. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, 11 போடலாம் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெலிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. ஆதார், பான் நகல் எடுக்க ஜனங்கள் நம்பி வருகிற கணினி இது, பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் ஓட்டப் பயமாக இருக்கிறது, நன்றாக ஓடுகிற பெட்டியைக் காயலான் கடைக்குப் போடவும் மனசு வரவில்லை.

விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22-ஐ பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அப்படியே ஓட்டிப் பார்த்தேன். திரை, சத்தம், கீபோர்டு எல்லாம் சரி. ஆனால் லேமிங்டன் ரோட்டில் வாங்கிய வைஃபை டாங்கிளை யூஎஸ்பியில் செருகினால் வைஃபை என்ற பேச்சே இல்லை. பழைய கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரின் பெயர் பட்டியலில் வருகிறது, பக்கத்தை அனுப்பினால் முடிந்தது என்று காட்டுகிறது, தாள் மட்டும் நகரவில்லை. இந்த நிலைமையில் நிறுவலாமா?

செம்பூர்வாசி:
நிறுவாமல் பார்த்தீர்களே, அதுதான் சரி. டாங்கிள் பெட்டியில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதை மறந்துவிடுங்கள், உள்ளே இருக்கிற சில்லு எது என்பதுதான் கேள்வி. டெர்மினலைத் திறந்து எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையைக் கொடுங்கள், ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் எண் வரும். அப்புறம் இன்னொன்று, டாங்கிளைச் செருகியதும் ஃபைல் மேனேஜரில் சிடி மாதிரி ஏதாவது புதிதாக முளைக்கிறதா?

தொண்ணூறடி:
ஆமாம் அண்ணாச்சி, ஒரு சிடி படம் வருகிறது! பென் டிரைவோடு சேர்ந்தது என்று விட்டுவிட்டேன். எண் 1ஏ2பி என்று முடிகிறது.

செம்பூர்வாசி:
அப்படியென்றால் டாங்கிள் நன்றாகத்தான் இருக்கிறது. ரியல்டெக் சில்லு போட்ட டாங்கிள்கள் சிலவற்றில் விண்டோஸ் டிரைவரை உள்ளேயே ஒரு சின்ன சிடி போல வைத்திருப்பார்கள், செருகினால் முதலில் சிடியாகத்தான் தன்னைக் காட்டும். விண்டோஸில் டிரைவர் ஏறியதும் அதுவே வைஃபையாக மாற்றிவிடுகிறது, அதனால் யாருக்கும் தெரிவதில்லை. அந்தச் சிடி படத்தை ரைட் கிளிக் செய்து எஜெக்ட் கொடுங்கள், சில நொடியில் எண் மாறும். அதன் பிறகும் வைஃபை வராவிட்டால், லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 8811சியூ, 8821சியூ சில்லுகளுக்கு 6.2 கர்னலிலேயே டிரைவர் வந்துவிட்டது, 8812ஏயூ, 8821ஏயூ என்றால் இன்னும் புதிய கர்னல் வேண்டும், மின்ட் 22.2-இல் இருக்கிற 6.14 போதும். முன்பெல்லாம் இதற்கு டிரைவரை நாமே கம்பைல் செய்ய வேண்டும், கர்னல் அப்டேட் வந்தால் மறுபடியும் செய்ய வேண்டும், பெரிய தலைவலி. இணையம் அவசரமாக வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போடுங்கள், டிரைவர் எதுவும் தேடாமல் ஓடும்.

டோனர் தூசி:
பிரிண்டர் பற்றி நான் சொல்கிறேன், பல வருடம் அந்த வேலைதான் பார்த்தேன். விலை குறைந்த பழைய லேசர்கள் பல, பக்கத்தை வரைகிற வேலையைக் கணினியிடமே விட்டுவிடும். அதில் இரண்டு வகை உங்களுக்குத் தெரிய வேண்டும். எச்பி லேசர்ஜெட் 1020 மாதிரியானவற்றில் பிரிண்டரை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற உள் மென்பொருள் நிரந்தரமாகத் தங்காது, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். லினக்ஸில் எச்பியின் எச்பிலிப் மென்பொருள் அதைச் செய்யும், ஆனால் அதற்கான பிளகின் என்ற துணைப் பகுதியைத் தனியாக இறக்க வேண்டும், இறக்காவிட்டால் நீங்கள் சொன்ன இதே அறிகுறிதான். பிளகின் பதிப்பும் எச்பிலிப் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேனான் எல்பிபி 2900 என்றால் கதை வேறு, அது கேப்ட் என்ற தனி மொழியில்தான் பேசும், லினக்ஸுக்கு டிரைவர் உண்டு, நிறுவுவதற்குப் பொறுமை வேண்டும். கடைக்கு எப்போதாவது புதிது வாங்கினால் போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது ஏர்பிரிண்ட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், டிரைவர் தேடி அலைய வேண்டாம்.

சயான் வாசகி:
ஒரேயடியாக விண்டோஸை அழித்துவிடாதீர்கள் தம்பி. மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்துப் பதிவு செய்தால் விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும், அதுவரை இரண்டையும் ஒரே வட்டில் வைத்துக்கொள்ளலாம். வைத்தால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வேகத் தொடக்க வசதியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கத்து ஃபைல்களை லினக்ஸில் படிக்க மட்டும்தான் முடியும், சேமிக்க முடியாது. டைப்பிங் கடை என்கிறீர்கள், தமிழ் எந்த விசைப்பலகையில் அடிக்கிறீர்கள்? லினக்ஸில் பல மொழி அடிக்க உதவும் ஐபஸ்ஸில் எம்17என் தொகுப்பைப் போட்டால் தமிழ்99, பழைய டைப்ரைட்டர் இரண்டுமே இருக்கின்றன. பாமினியில் அடித்த பழைய ஃபைல்கள் இருந்தால் அந்த எழுத்துருவையும் மறக்காமல் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வழக்கம் இருந்தால், அதற்கு மட்டும் விண்டோஸ் இருந்தே ஆக வேண்டும்.

தொண்ணூறடி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எஜெக்ட் கொடுத்ததும் எண் மாறியது, பக்கத்துக் கடைகளின் வைஃபை எல்லாம் வரிசையாக வந்தது. என் பிரிண்டர் டோனர் தூசி சொன்ன முதல் வகைதான், பிளகின் இறக்கினேன், இரண்டு முறை அணைத்துப் போட்டும் தாள் வருகிறது. நான் டைப்ரைட்டர் முறையில் பழகியவன், அதையும் சோதித்தேன், விரல் தடுமாறவில்லை. கல்யாணப் பத்திரிகை வேலை பேஜ்மேக்கரில்தான் இருக்கிறது, அதனால் விண்டோஸும் இருக்கட்டும். ஸ்கேனரை இன்னும் செருகிப் பார்க்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு அதையும் பார்த்துவிட்டுத்தான் நிறுவப் போகிறேன்.